லைசென்ஸ் மாறியது, லாக்புக் மாறவில்லை: ஒரு விமானியின் வேலைதேடலை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு விமானி உரிமத்தை மாற்றிக்கொள்ள வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். சோதனையில் தேறி உரிமம் கைக்கு வந்த ஓரிரு மாதத்தில் பலர் ஒரே கேள்வியோடு திரும்பி வருகிறார்கள்: "எல்லாம் முடிஞ்சாச்சு, ஏன் ஒருத்தரும் கூப்பிடலை?" இதற்குப் பொதுவான அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். ஆனால் ஒரே ஒருவர் போன வழியை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால்தான் எங்கே தட்டுகிறது என்று புரியும். அப்படி ஒருவருடைய வழியை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயரும் நிறுவனங்களும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். நேரில் நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆரம்பத்தில் கையில் இருந்தது

தம்பிக்கு அப்போது வயது 28. அமெரிக்காவில் படித்து அந்நாட்டு விமான ஆணையமான எஃப்ஏஏ தரும் வணிக விமானி உரிமத்தை, அதாவது சிபிஎல்லை, வாங்கியவர். ஒற்றை எஞ்சின் விமானம், கூடவே வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்க அனுமதிக்கும் கூடுதல் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். பறந்த சிறு விமானங்கள் பெரும்பாலும் செஸ்னா 172, கொஞ்சம் பைப்பர் ஆரோ. பறந்த நேரத்தை எழுதிவைக்கும் லாக்புக்கில் மொத்தம் 268 மணி நேரம். மனைவிக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்ததால் அவருடைய விசாவோடு இவருக்கும் வேலை செய்யும் அனுமதி வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். உரிமம் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. விமான ஆணையம் உரிமத்தை மாற்றித் தந்துவிட்டால் அந்த நாட்டில் சம்பளத்துக்குப் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. வேலை அனுமதி இல்லாதவருக்கு இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு சொல்லப்போகும் எதுவும் உதவாது. அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

உரிமத்தை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு வேர் 1944இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையில் இருக்கிறது. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய, அல்லது அந்த நாடு செல்லும் என்று ஏற்றுக்கொண்ட உரிமம் விமானியிடம் இருக்க வேண்டும் என்று அதன் 32ஆவது பிரிவு சொல்கிறது. விமானியின் நாடு எது என்பதல்ல, விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் பதிவு எந்த நாட்டுடையது என்பதே கேள்வி. ஆஸ்திரேலியாவில் சார்ட்டர் ஓட்டும், அதாவது வாடகைக்குப் பறக்கும், விமானங்கள் அந்நாட்டுப் பதிவில் இருப்பவை. ஆகவே அந்நாட்டு ஆணையமான காசாவின் உரிமம் வேண்டும்.

மாற்றும் விதம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் வெளிநாட்டு உரிமத்தைக் காட்டி எளிதாக வாங்கக்கூடியது தனியார் விமானிச் சான்று மட்டுமே. அதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான அமைப்பை விட்டு வெளியேறிய பிறகு, 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் உரிமம் ஐரோப்பாவில் அயல்நாட்டு உரிமமாகிவிட்டது. முந்தின நாள்வரை செல்லுபடியான காகிதம் மறுநாள் செல்லவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நேர்மாறு: இரு நாட்டுப் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தால் உரிமம் அதிகச் சிரமமில்லாமல் மாறிவிடும்.

தம்பி போனது நடுத்தரமான வழி. காசாவிடம் ஓர் அடையாள எண் வாங்கினார். எஃப்ஏஏ உரிமம் உண்மையானதுதான் என்று அங்கிருந்து உறுதிப்படுத்திய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் திறன், விமானச் சட்டம், மனிதக் காரணிகள் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு, கடைசியாகப் பரிசோதகரோடு பறத்தல் சோதனை. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தனியாக ஒரு தேர்வும் தனிச் சோதனையும் உண்டு. காசு போதாமல் அதை அவர் தள்ளிவைத்தார். அமெரிக்காவில் தனியார் விமானிச் சான்றோடேயே வரும் இரவுப் பறத்தலுக்கு இங்கே தனி ரேட்டிங் வேண்டும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. இவை எல்லாம் சிரமந்தான். ஆனால் வரிசையாகச் செய்தால் முடிந்துவிடும் சிரமம். சிக்கல் இதற்குப் பிறகு வந்தது.

லாக்புக்கில் காணாமல் போன 63 மணி நேரம்

உரிமம் வந்ததும் தம்பி ஒரு சுயவிவரம் எழுதினார். மேலேயே "மொத்தம் 268 மணி நேரம், கமாண்டராக 181" என்று போட்டார். கமாண்டர் என்றால் அந்தப் பறப்புக்குப் பொறுப்பான விமானி. இணையத்தில் கிடைத்த சார்ட்டர் நிறுவன முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினார். பதில் வந்தது மிகச் சில. அவையும் "கோப்பில் வைத்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரி. ஒரே ஒரு நிறுவனத்தின் தலைமை விமானி மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 181இல் நீங்கள் மட்டும் பொறுப்பாக இருந்தது எவ்வளவு?" தம்பிக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அழைப்பு அதோடு முடிந்தது.

அந்த வாரம் அவர் லாக்புக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இருவரும் வரிவரியாகப் பார்த்தோம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் படித்துவிட்டு வேறு நாட்டில் வேலை தேடுகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். எஃப்ஏஏ விதிப்படி, ஒருவர் தனக்கு ரேட்டிங் இருக்கும் விமானத்தில் கட்டுப்பாடுகளைத் தனியாகக் கையாண்ட நேரத்தைக் கமாண்டர் நேரமாக எழுதலாம். பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்து பாடம் நடத்தினாலும் அப்படி எழுதலாம். தனியார் விமானிச் சான்று வைத்திருக்கும் ஒருவர் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி எடுக்கும்போது அதே மணி நேரம் பயிற்சி நேரம் என்ற பத்தியிலும் கமாண்டர் நேரம் என்ற பத்தியிலும் ஏறும். இன்னொன்று, பாதுகாப்பு விமானி. ஒருவர் வெளியே பார்க்க முடியாதபடி கண்மறைப்பு அணிந்து கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும்போது, பக்கத்தில் இன்னொரு விமானி வெளியே கண் வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரே அந்தப் பறப்புக்குப் பொறுப்பு என்று இருவரும் ஒப்புக்கொண்டால், அவரும் கமாண்டர் நேரம் எழுதிக்கொள்ளலாம். நண்பர்கள் இருவர் வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டு, ஒரே விமானத்தில் மாறி மாறிப் பறந்து, இருவர் லாக்புக்கிலும் மணி நேரம் ஏற்றுவது அங்கே பரவலான வழக்கம். அது அந்த நாட்டு விதிக்கு முழுக்க உட்பட்டது. தம்பி எதையும் பொய்யாக எழுதவில்லை.

ஆனால் இங்கே கணக்கு வேறு. பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் அது பயிற்சி நேரம், அவ்வளவுதான். பாதுகாப்பு விமானியாக உட்கார்ந்திருந்ததைக் கமாண்டர் நேரம் என்று எந்த ஆபரேட்டரும், அதாவது விமான நிறுவனம் நடத்துகிறவரும், எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது பாதுகாப்பு விமானியாக எழுதிய 32 மணி நேரம் மொத்தத்திலிருந்தே போனது. பயிற்றுநரோடு பறந்து கமாண்டர் என்றும் எழுதிய 31 மணி நேரம் பயிற்சிப் பத்தியில் மட்டும் நின்றது. மொத்தம் 236, கமாண்டராக 118.

"அண்ணா, 63 மணி நேரம் காணாமப் போயிடுச்சே" என்றார். காணாமல் போகவில்லை, தம்பி. பறந்தது பறந்ததுதான், கற்றுக்கொண்டது கற்றுக்கொண்டதுதான் என்றேன். ஆனால் வேலை கொடுக்கிறவர் படிக்கும் மொழியில் அந்த எண் 118தான். அதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நாமே எழுதிக் காட்டுவது நல்லது. 181 என்று எழுதிவிட்டுக் கேட்டதும் திணறுகிறவரையும், 118 என்று எழுதி "அமெரிக்கக் கணக்கில் 181, வேறுபாட்டின் விவரம் பின்னால்" என்று அடிக்குறிப்புப் போடுகிறவரையும் ஒரு தலைமை விமானி ஒரே கண்ணால் பார்க்க மாட்டார். முதலாமவரிடம் விமானத்தையும் பயணிகளையும் ஒப்படைக்க அவருக்குத் தயக்கம் இருக்கும். அது நியாயமான தயக்கம்.

சுயவிவரத்தின் முதல் பக்கத்தை அடியோடு மாற்றினோம். மேலே உரிமம், மருத்துவச் சான்று செல்லும் தேதி, வேலை அனுமதியின் தன்மை, விமான நிலையப் பாதுகாப்பு அடையாள அட்டை. அடுத்து மணி நேரம்: மொத்தம், கமாண்டர், குறுக்குநாட்டுப் பறப்பு, விமான வகைவாரியாக. பைப்பர் ஆரோவில் பறந்ததால் உள்ளிழுக்கும் சக்கரம், விமானியே மாற்றும் புரொப்பெல்லர் கோணம் இரண்டிலும் அனுபவம் உண்டு. இங்கே அவை தனித்தனி அம்சங்களாக லாக்புக்கிலும் உரிமத்திலும் குறிக்கப்படுவதால் அதற்கு ஒரு வரி. பிறகு கார் ஓட்டுநர் உரிமம், முதலுதவிச் சான்று. "சிறுவயது முதல் வானத்தின் மீது எனக்கிருந்த காதல்" என்று தொடங்கிய பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எல்லோருடைய சுயவிவரத்திலும் அந்தப் பத்தி இருக்கிறது.

யார் தீர்மானிக்கிறார்கள்

மணி நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் வெறும் பெருமை இல்லை. சிறு ஆபரேட்டரிடம் வேலைக்கு எடுக்கும் முடிவில் மேசைக்கு வராத ஒருவரும் பங்கெடுக்கிறார்: காப்பீட்டு நிறுவனம். விமானக் காப்பீட்டில் யார் ஓட்டலாம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். குறைந்தபட்ச மொத்த நேரம், அந்த வகை விமானத்தில் இத்தனை மணி நேரம் என்று அது எழுதப்பட்டிருக்கும். அந்த வரம்புக்குக் கீழே உள்ளவரை வைத்துக்கொள்ள ஆபரேட்டர் விரும்பினால், தரகரிடம் பேசி, கூடுதல் பயிற்சி கொடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். பல நேரம் "உங்களுக்கு அனுபவம் போதாது" என்று வரும் பதிலின் பின்னால் இருப்பது தலைமை விமானியின் அபிப்பிராயம் இல்லை, அந்தக் காகிதம்.

இது தெரிந்தால் தேடும் முறையே மாறும். தம்பியிடம் செஸ்னா 206இல் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கே சுற்றுலாப் பறப்பிலும் தொலைதூரக் குடியிருப்புகளுக்கான சார்ட்டரிலும் அதிகம் பார்க்கக்கூடியவை 206, 210, கிப்ஸ்லாண்ட் ஏர்வேன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்காக எடுத்து வைத்திருந்த காசில் ஒரு பகுதியை 206 வாடகைக்குச் செலவழித்து, ஐந்து மணி நேரம் அதில் பறந்தார். அந்த ஐந்தால் காப்பீட்டு நிபந்தனை நிறைவேறாது. ஆனால் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்கும் தூரம் பெரிது. அந்த விமானத்தின் கனமான மூக்கையும் நிறையப் பேரை ஏற்றினால் அதன் குணம் மாறுவதையும் ஒருமுறையாவது கையில் உணர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் செலவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு பயிற்சியும் செய்தோம். அமெரிக்காவில் எடை பவுண்டில், எரிபொருள் கேலனில், காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில். இங்கே கிலோ, லிட்டர், ஹெக்டோபாஸ்கல். காகிதத்தில் மாற்றுவது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் வெயிலில் நின்றுகொண்டு, பயணிகள் காத்திருக்க, எரிபொருள் வண்டிக்காரர் "எவ்வளவு?" என்று கேட்கும்போது மனது பழைய அளவுக்குத்தான் ஓடும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின்கள் நின்று, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கான எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டதால், வேண்டியதில் பாதி எரிபொருளோடு கிளம்பியிருந்தார்கள். அனுபவமுள்ள குழுவுக்கே அப்படி நேர்ந்தது. அதனால் தம்பியைத் தினமும் ஓர் எடைத்தாளை, அதாவது விமானத்தில் ஏறும் எடையின் கணக்கை, கிலோவிலும் லிட்டரிலும் நேராகவே போடச் சொன்னேன், பவுண்டு பக்கமே போகாமல். சிறு விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.72 கிலோ. அந்த எண் அவருக்குத் தூக்கத்திலும் வரும் அளவுக்குப் போட்டார்.

வடக்கே போன பயணம்

வடக்கு ஆஸ்திரேலியாவின் சுற்றுலாப் பறப்பு வறண்ட பருவத்தை ஒட்டி நடப்பது. மே முதல் அக்டோபர் வரை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைப்பருவம், சாலைகள் வெள்ளத்தில் துண்டிக்கப்படும். பருவத்துக்கு ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் அது தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில். ஜூலையில் மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கு இடம் இருக்காது. தம்பி முதலில் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் ஆகஸ்டில் போனவை. பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ச் மாதக் கடைசியில் டார்வினுக்குப் போனார். அங்கிருந்து கேதரின் வழியாகக் குனுனுராவுக்குச் சாலையில் 800 கிலோமீட்டருக்கு மேல். போகும் வழியில் இருந்த விமான நிலையங்களில் எல்லாம் இறங்கி, விமானக் கொட்டகைகளான ஹேங்கர்களில் ஒவ்வொன்றாக நுழைந்து, தலைமை விமானியைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். இந்தத் தொழிலில் கதவைத் தட்டுவது இன்றும் வேலை செய்கிறது. அதற்குக் காரணம் பழமைப்பற்று இல்லை. சின்ன ஊரில் ஆறு மாதம் வெயிலில் தங்கி வேலை செய்ய ஒருவர் உண்மையிலேயே தயாரா என்று ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டும். சொந்தக் காசில் அந்த ஊர்வரை வந்து நிற்பவர் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டார். குடும்பப் பொறுப்பாலோ காசு இல்லாமையாலோ அப்படி வர முடியாத திறமைசாலிகள் பலர் இதனால் வெளியே நிற்கிறார்கள் என்பதும் உண்மை. அது எனக்கு ஒப்பாத விஷயம், ஆனால் நடைமுறை அதுதான்.

வழியில் ஓரிடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. முதல் மாதம் சம்பளமில்லாமல் பயணிகளோடு பறக்க வேண்டும், விமான வகைப் பயிற்சிக்கான செலவையும் அவரே கட்ட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். தம்பி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது குரலில் ஆசை தெரிந்தது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் திறமையைக் காட்ட எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவுக்கு மட்டுமே சம்பளமில்லாத சோதனை செல்லும். வருமானம் தரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் பறப்பது சோதனை இல்லை, வேலை. சார்ட்டர் விமானிகளின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஏர் பைலட்ஸ் அவார்டு 2020 என்ற சட்டபூர்வ ஆவணமே இருக்கிறது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. சம்பளத்தில் குறுக்கு வழி தேடுகிற இடம் பராமரிப்பிலும் தேடுமா என்ற கேள்வி எழ வேண்டும். அந்த விமானத்தில் உட்காரப்போவது நீங்கள். தம்பி மறுத்துவிட்டு மேலே போனார்.

ஒரு மேசை, ஓர் எடைத்தாள்

குனுனுராவில் ஒரு தலைமை விமானி உட்காரச் சொன்னார். அங்கிருந்து புர்னுலுலு தேசியப் பூங்காவின் பங்கிள் பங்கிள் குன்றுகளையும் ஆர்கைல் ஏரியையும் சுற்றிக் காட்டும் பறப்புகள் போகும். நடுவே குடியிருப்புகளுக்கும் பண்ணைகளுக்கும் சார்ட்டர். லாக்புக்கைப் புரட்டிப் பார்த்தார், அடிக்குறிப்பைப் படித்தார், "யார் இதைப் பிரிக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

கணக்கு இது. 206 ஒன்று, காலி எடை 1,000 கிலோ, கிளம்பும்போது அதிகபட்சம் 1,633. விமானி 80. பயணிகள் ஐந்து பேர், தராசில் ஏற்றிப் பார்த்த எடை 95, 102, 78, 88, 64. பைகள் 45 கிலோ. போக 48 நிமிடம், வர 48 நிமிடம், அங்கே எரிபொருள் கிடையாது. மணிக்கு 60 லிட்டர் செலவு, கையிருப்புக்கு அரை மணி நேரம், தரையில் ஓட 5 லிட்டர். வெப்பம் 38 டிகிரி, மண் ஓடுபாதை.

தம்பி கிலோவில் நேராகப் போட்டார். ஆட்களும் விமானமும் சேர்ந்து 1,507. பைகளோடு 1,552. மிச்சம் 81 கிலோ. தேவையான எரிபொருள் 131 லிட்டர், அதாவது சுமார் 94 கிலோ. 13 கிலோ அதிகம்.

"வெறும் 13 கிலோதானே?" என்றார் எதிரே இருந்தவர்.

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள் என்று அவர் பிறகு தம்பியிடம் சொன்னாராம். சிலர் கையிருப்பைக் கால் மணி நேரமாகக் குறைக்கிறார்கள். சிலர் இறங்கும்போது எடை குறைந்துவிடும் என்று வாதாடுகிறார்கள். இன்னும் சிலர் நிறுவனம் என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்வேன் என்று மழுப்புகிறார்கள். தம்பி, பைகளில் 15 கிலோவை இறக்கி அடுத்த பறப்பில் அனுப்பலாம், பயணிகள் ஒப்பாவிட்டால் ஒருவரை அடுத்த பறப்புக்கு மாற்றலாம், இரண்டும் முடியாவிட்டால் போக மாட்டேன் என்றார். கூடவே இன்னொன்றும் சேர்த்தார். கடல் மட்டத்தில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் நிலையான வெப்பம் 15 டிகிரி. 38 என்றால் 23 டிகிரி கூடுதல். சூட்டில் காற்று மெலிவதால், டிகிரிக்கு ஏறக்குறைய 120 அடி வீதம் விமானம் 2,700 அடிக்கு மேலே இருப்பதைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஆகவே எடை வரம்புக்குள் வந்தாலும் அந்த மண் ஓடுபாதையின் நீளம் போதுமா என்று செயல்திறன் அட்டவணையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று திருப்பிக் கேட்டார். கேள்வியில் அதை வேண்டுமென்றேதான் விட்டிருந்தார்கள்.

மறுநாள் ஒரு சோதனைப் பறப்பு. குறுக்குக் காற்றில் இரண்டு தரையிறக்கம், ஒரு மண் ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத இடத்தில் வானொலி அறிவிப்புகள். அமெரிக்க வாடையில் பேசிய ஒரு சொல்லைத் திருத்தினார்கள், வேறு குறை சொல்லவில்லை.

வேலை என்று கிடைத்தது உடனே விமானி வேலை அல்ல. தரைப் பணி: எரிபொருள் நிரப்புவது, கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைப்பது, பயணிகளைத் தராசில் ஏற்றுவது, விடியற்காலையில் விடுதிகளுக்குப் பேருந்து ஓட்டிப் போய் ஆட்களைக் கூட்டி வருவது. அதற்குரிய சம்பளம் முதல் நாளிலிருந்தே உண்டு, அதனால் நானும் ஒத்துக்கொண்டேன். ஏழு வாரம் அப்படிப் போனது. இதற்கிடையே நிறுவனம் காப்பீட்டுத் தரகரிடம் பேசி, 206இல் குறிப்பிட்ட மணி நேரம் மூத்த விமானியோடு பறந்தபின் தம்பியைச் சேர்க்க ஒப்புதல் வாங்கியது. மே மாத இறுதியில் பயணிகளோடு தனியாகப் பறந்தார். அக்டோபர் முடிவில் அந்த விமானத்தில் மட்டும் 280 மணி நேரம், மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டது.

அந்த ஏழு வாரத்தைப் பற்றித் தம்பி சொன்ன ஒன்றை இங்கே எழுத வேண்டும். பேருந்து ஓட்டும்போதுதான், எந்தப் பயணி எடையைக் குறைத்துச் சொல்கிறார், எந்த விடுதியிலிருந்து பெரிய பைகள் வருகின்றன, எந்த நேரத்தில் காற்று திரும்புகிறது என்பதெல்லாம் தெரிந்ததாம். தனியாகப் பறக்கத் தொடங்கியபோது ஊரும் வேலையும் அவருக்குப் புதிதாக இல்லை.

பயிற்றுநர் வழி

எனக்கும் தம்பிக்கும் தீராத ஒரு விவாதம் உண்டு. வடக்கே போவதற்குப் பதில் பயிற்றுநர் ரேட்டிங் வாங்கியிருக்கலாமா என்பது. நகரத்திலேயே மனைவியோடு இருந்திருக்கலாம், தொடக்கநிலையான கிரேடு 3 பயிற்றுநராக மேற்பார்வையில் தொடங்கி மணி நேரம் ஏற்றியிருக்கலாம். எதிர்ப்பக்கமும் வலுவானது: அந்த ரேட்டிங்குக்கு முதலிலேயே கணிசமான பணம் வேண்டும், அந்த மணி நேரம் பெரும்பாலும் பழகிய வானிலையில் பழகிய ஓடுபாதையைச் சுற்றியே சேரும், கற்றுக்கொடுக்க விருப்பமில்லாதவர் மணி நேரத்துக்காக மட்டும் பயிற்றுநரானால் நஷ்டப்படுவது மாணவர். தம்பிக்குக் கற்றுக்கொடுப்பதில் ஈடுபாடு இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கு வடக்குதான் சரி. ஆனால் கற்பிக்கும் பொறுமையும் வீட்டை விட்டு ஆறு மாதம் போக முடியாத பொறுப்பும் சேர்ந்து இருப்பவர்களுக்குப் பயிற்றுநர் வழியைத்தான் இன்றும் முதலில் சொல்வேன், அதை இரண்டாந்தரமாகப் பேசுகிறவர்களை ஏற்கவும் மாட்டேன்.

இந்த மழைப்பருவத்தில் தம்பி தள்ளிவைத்த இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான தேர்வை எழுதுகிறார். அடுத்த பருவத்துக்கு அதே நிறுவனம் ஏர்வேனில் பயிற்சி தருவதாகச் சொல்லியிருக்கிறது, இம்முறை விமானி வேலைக்கு நேரடியாகவே.